மாணவர் சலுகையும் அதன் அடிக்குறிப்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பன்னாட்டு விமானப் பயணத்தின் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை. 1945 ஏப்ரலில் ஹவானாவில் தொடங்கப்பெற்ற ஐயாட்டா, அதாவது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம், தன் உறுப்பு நிறுவனங்களின் மாநாடுகளைக் கூட்டிக் கட்டணங்களை முடிவு செய்தது. அந்தந்த நாட்டு அரசுகள் ஒப்புதல் தந்தவுடன் அவை சட்டத்தின் வலிமையைப் பெற்றன. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு எந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறினாலும் ஒரே வகுப்புக்கு ஒரே கட்டணம் என்ற நிலை இதனால் உருவாயிற்று. கட்டணத்தில் மட்டுமன்றி உபசரிப்பிலும் யாரும் யாரையும் முந்தக்கூடாது என்பதில் சங்கம் எவ்வளவு கறாராக இருந்ததென்றால், 1958இல் சிக்கன வகுப்புப் பயணிகளுக்கு ஸ்காண்டிநேவிய நிறுவனம் பரிமாறிய சாண்ட்விச் அளவுக்கு மீறித் தடபுடலாக இருப்பதாக அமெரிக்க நிறுவனங்கள் முறையிட, எது சாண்ட்விச், எது முழுச் சாப்பாடு என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது இறங்கி வந்தது.

இத்தகைய ஏற்பாட்டில் கட்டணத்தைக் குறைக்க வழியில்லை. ஆனால் பயணி யார் என்பதை வேறுவிதமாக வரையறுக்க வழி இருந்தது. முதியவர், குழந்தை, கடலோடி, மாணவர் என்று ஒரு பிரிவைத் தனியே பிரித்தால் அவருக்கு மட்டும் பொருந்தும் வேறொரு கட்டணத்தை வகுக்கலாம். பொருளியலார் இதை விலைப் பாகுபாடு என்பர்: ஒரே இருக்கையை, வாங்குபவரின் வசதிக்கேற்பப் பல விலைகளுக்கு விற்பது. அலுவலகப் பணத்தில் பறப்பவர் குறைந்த விலைப் பிரிவுக்குள் நுழையாதபடி தடுக்கும் நிபந்தனைகளைக் கட்டண வேலி என்று விமானத் தொழிலில் சொல்வதுண்டு. வயது வரம்பு, அடையாள அட்டை, முன்பதிவுக் கெடு, சேருமிடத்தில் தங்கியாக வேண்டிய குறைந்தபட்ச நாட்கள் ஆகிய அனைத்தும் இந்த வேலியின் கம்பிகளே. மாணவர் சலுகை கருணையால் பிறந்ததன்று. காலியாகப் பறக்கவிருந்த இருக்கையை, முழுக் கட்டணம் செலுத்துவோரை இழக்காமல் விற்றுவிடும் வழியாகவே அது பிறந்தது. பின்னாளில் அதைச் சுற்றி எழுந்த வழக்குகளும் சட்டங்களும் பெரும்பாலும் அந்த நிபந்தனைகள் எங்கே, எந்த அளவு எழுத்தில் அச்சிடப்பட்டன என்பதைப் பற்றியவையே.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு மாணவர் அமைப்புகளின் கையிலேயே இருந்தது. 1947இல் அமெரிக்காவில் உருவான மாணவர் பயணக் குழு, போர்க்காலத்தில் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் மாணவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஐரோப்பிய மாணவர் சங்கங்கள் தம் பயணப் பிரிவுகளை ஒருங்கிணைத்துக்கொண்டு, 1953 முதல் ஐசிக் எனப்படும் பன்னாட்டு மாணவர் அடையாள அட்டையை வழங்கலாயின. 1959இல் அயர்லாந்து மாணவர் ஒன்றியம் டப்ளினில் யூசிட் என்ற பயண நிறுவனத்தை நிறுவியது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே சங்கத்தினராக இருந்த அக்காலத்தில், மறைகட்டணம் பற்றிய புகார் எழுவதற்கான காரணமும் குறைவாகவே இருந்தது.

குழப்பம் வாடகை விமானங்களோடு வந்தது. ஒரு விமானத்தை முழுமையாக வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைப் பயணிகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டால் ஐயாட்டா கட்டணத்தைவிட மிகக் குறைவாகவே ஒருவருக்கு விழும். இது பொதுமக்களுக்கான விற்பனையாக மாறிவிட்டால் வழக்கமான சேவைகள் அடிபடும் என்று அஞ்சிய அரசுகள், வாடகைக்கு எடுக்கும் உரிமையைக் குழுக்களுக்கு மட்டும் தந்தன. அமெரிக்கச் சிவில் விமானப் போக்குவரத்து வாரியத்தின் விதிப்படி, அந்தக் குழு பயணத்தைத் தவிர வேறொரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதாக இருக்கவேண்டும். பயணியும் புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே அதன் உறுப்பினராக இருந்திருக்கவேண்டும். மாணவர் ஒன்றியங்கள் இந்த இலக்கணத்துக்கு இயல்பாகவே பொருந்தின. பொருந்தாதவர்களுக்காகச் சங்கங்கள் முளைத்தன. தோட்டக்கலை, பறவை வளர்ப்பு, நாட்டுப்புற நடனம் என்று ஏதோ ஒரு பெயரில் பதிவான குழுக்கள், அட்லாண்டிக்கைக் கடக்க விரும்பிய எவருக்கும் முன்தேதியிட்ட உறுப்பினர் அட்டையைச் சிறு சந்தாவுக்குத் தந்தன. விளம்பரத்தில் இருந்த பயண விலையில் அந்தச் சந்தா இருக்காது. அதைப் பயணத்துக்கான செலவென்று யாரும் ஒப்புக்கொள்ளவும் முடியாது, ஒப்புக்கொண்டால் சங்கத்தின் பொய் வெளிப்பட்டுவிடும். மாணவர் பயண வரலாற்றில் இனம்காணக்கூடிய முதல் மறைகட்டணம் என்று இந்தச் சந்தாவைக் கொள்ளலாம்.

அதன் உண்மையான விலையை விமான நிலையத்தில்தான் செலுத்த நேர்ந்தது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் கேட்விக் போன்ற நிலையங்களில் வரிசையில் நின்றவர்களை நிறுத்தி, எப்போது சங்கத்தில் சேர்ந்தார், கூட்டங்கள் எங்கே நடக்கின்றன என்றெல்லாம் கேட்டனர். தடுமாறியவர்கள் பெட்டியோடு திரும்பினர். பணம் வாங்கிய முகவரோ, அட்டையிலிருந்த தேதி பயணியின் பொறுப்பு என்று கைகழுவினார். குழு முழுவதும் உண்மையான மாணவர்களாக இருந்த பயணங்களிலும் வேறொரு நிச்சயமின்மை இருந்தது. வாடகை என்பது விமானத்துக்கு. ஆகையால் பத்துப் பேர் கடைசி நேரத்தில் விலகினால் அவர்களின் பங்கு எஞ்சியோரின் தலையில் விழுந்தது. முதலில் சொன்ன விலை மதிப்பீடுதான் என்பது விதிப்படி சரியே. அந்த விதியைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஐயாட்டாவில் சேராமல் ஐஸ்லாந்து வழியாக லக்சம்பர்க் வரை பறந்த லோஃப்ட்லெய்டிர் நிறுவனத்தை அக்கால அமெரிக்க மாணவர்கள் பெரிதும் நாடியதற்கு, குறைந்த கட்டணத்தோடு இத்தகைய தொல்லைகள் இல்லாததும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பொய்ச் சங்கங்களின் ஆட்சி 1973இல் முடிந்தது. குழு உறுப்புரிமைக்குப் பதிலாக, குறிப்பிட்ட நாட்களுக்கு முன்னரே பணம் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்ற புதிய விதி அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் விமானத் தொழிலதிபர் ஃபிரெடி லேக்கர் 1971இலேயே உரிமம் கேட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் 1977 செப்டம்பர் 26 அன்று கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்குத் தொடங்கிய ஸ்கைட்ரெய்ன் சேவையோ முன்பதிவையும் நீக்கிவிட்டது. ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. சாப்பாட்டுக்குத் தனிக் காசு. பயணத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்பதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்றென்றாலும், லேக்கர் எதையும் ஒளித்தார் என்று சொல்ல முடியாது, ஏனெனில் சாப்பாடு சேராது என்பதே அவருடைய விளம்பரமாக இருந்தது. கட்டணத்தைப் பிரிப்பது வேறு, மறைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவருடைய நிறுவனம் 1982 பிப்ரவரியில் மூழ்கியது.

இதற்கிடையில் இன்னொரு வகைச் சேர்மானம் வேரூன்றியது. 1973 இறுதியில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனங்கள் ஏற்கெனவே கையேட்டில் அச்சிட்டு விற்றுவிட்ட பயணங்களுக்கு எரிபொருளின் பெயராலும் நாணய மாற்றின் பெயராலும் மேல்தொகை கேட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கோர்ட் லைன் என்ற பிரிட்டிஷ் சுற்றுலாக் குழுமம் வீழ்ந்து, பல்லாயிரம் பேர் வெளிநாடுகளில் தவித்தனர்; மேலும் பலர் முன்பணத்தை இழந்தனர். அவர்களுக்கு ஈடுதர 1975இல் ஏற்பட்ட காப்பு நிதிக்குச் சுற்றுலா விலையில் ஒரு சிறு விழுக்காடு வசூலிக்கப்பட்டது. கேட்டவுடன் எரிச்சலூட்டும் கூடுதல் கட்டணங்களுள் இதுவும் சேரும் என்றாலும், அதற்கும் எரிபொருள் மேல்தொகைக்கும் உள்ள வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது. 1990இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த தொகுப்புப் பயண நெறியுரை, ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி விலையை மாற்றக்கூடாது, எழுதுவதானால் உயர்வுக்கும் குறைவுக்கும் சேர்த்தே எழுதவேண்டும், போக்குவரத்துச் செலவு, வரி, நாணய மதிப்பு ஆகியவை மட்டுமே காரணமாகலாம், புறப்பாட்டுக்கு முந்தைய இருபது நாட்களில் உயர்த்தவே கூடாது என்று வரம்பு கட்டியது. 2015இல் அதற்குப் பதிலாக வந்த நெறியுரை, உயர்வு எட்டு விழுக்காட்டைத் தாண்டினால் தண்டமின்றி விலகும் உரிமையைப் பயணிக்கு அளித்தது. தொகுப்பாக வாங்கியவர்களுக்கே இந்தக் காப்பு பொருந்தியது. வெறும் விமானச் சீட்டு வாங்கிய மாணவருக்கு அது எட்டவில்லை.

1970களிலும் 80களிலும் வெறும் சீட்டு வாங்குவோர், லண்டனில் பக்கெட் ஷாப் என்று பெயர்பெற்ற சிறு கடைகளை நாடினர். விற்காத இருக்கைகளை விமான நிறுவனங்களே பின்வாசல் வழியாக இவற்றுக்குத் தள்ளிவிட, அதிகாரபூர்வக் கட்டணத்துக்குக் கீழே அவை விற்றன. இவற்றின் செய்தித்தாள் விளம்பரத்தில் ஊரின் பெயரும் அருகில் ஒரு தொகையும் இருக்கும். தொகைக்கு முன்னால் 'முதல்' என்று பொருள்படும் சொல் பொடி எழுத்தில் நிற்கும். தொலைபேசியில் கேட்டால் அந்த விலை பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் என்று தெரியவரும். யூசிட், ஆஸ்திரேலிய மாணவர் ஒன்றியத்தின் பயணச் சேவையாக 1971இல் கிளைத்த எஸ்.டி.ஏ. போன்றவை இந்தக் கடைகளிலிருந்து மாறுபட்டு நின்றன. விமான நிறுவனங்களோடு நேரடியாகப் பேசி அவை பெற்ற மாணவர் சீட்டில் தேதியைக் குறைந்த செலவில் மாற்றலாம், ரத்து செய்தால் ஒரு பகுதி திரும்பும். ஆனால் தொகையில் அது எப்போதும் மிகக் குறைந்ததாக இருக்கவில்லை. தேதி மாறாது என்று உறுதியாகத் தெரிந்த மாணவருக்குப் பொதுச் சந்தையின் சலுகைச் சீட்டே மலிவாக அமைந்த நேரங்களும் உண்டு. 'மாணவர் விலை' என்ற பெயரே மலிவுக்குச் சான்று என்று கொண்டவர்கள் தமக்குத் தேவையில்லாத நெகிழ்வுக்கும் சேர்த்துப் பணம் கட்டினர்.

புத்தாயிரத்தில் எரிபொருள் மேல்தொகை மீண்டும் தலைகாட்டியது. 2004இல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் நெடுந்தொலைவுச் சீட்டுகளில் அதைச் சேர்த்தன. 2004 ஆகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் போய்வரும் சீட்டொன்றுக்கு 5 பவுண்டாக இருந்தது 60 பவுண்டாகியது. இரு நிறுவனங்களும் அந்த உயர்வைப் பற்றித் தமக்குள் கலந்து பேசிக்கொண்டன என்பது பின்னர் வெளிப்பட்டது. உண்மையைத் தானே முன்வந்து சொன்ன வர்ஜின் தண்டனையிலிருந்து தப்பியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது 2007இல் அறிவிக்கப்பட்ட 121.5 மில்லியன் பவுண்டு அபராதம், 2012இல் 58.5 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. மேல்தொகை சீட்டில் அச்சான இடம் கவனத்துக்குரியது. அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே அரசின் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் ஈரெழுத்துக் குறியீடுகளோடு வரிசையாக நிற்க, அவற்றினூடே ஒய்.க்யூ. என்ற குறியீட்டோடு நிறுவனத்தின் சொந்த மேல்தொகையும் நின்றது. பார்ப்பவருக்கு அது வரியாகவே படும். சீட்டை ரத்து செய்யும்போதுதான் வேறுபாடு புலப்படும்: பறக்காத பயணிக்கு அரசு வரிகள் பலவும் திரும்பக் கிடைக்கக்கூடியவை, ஒய்.க்யூ. கிடைக்குமா என்பது அந்தந்தக் கட்டண விதியைப் பொறுத்தது.

கடைகள் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தபோது கட்டணத்தை மறைக்க இடத்தைவிட வரிசையே பயன்பட்டது. முதல் திரையில் கவர்ச்சியான ஒரு தொகை, அடுத்த திரையில் பெட்டிக்கு, அதற்கடுத்ததில் இருக்கைக்கு, இறுதியில் பணம் செலுத்தும் அட்டைக்கு என்று சொட்டுச் சொட்டாக விலை ஏறும் இம்முறை, பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் எல்லாவற்றையும் நிரப்பி முடித்தவர் திரும்பிப் போகமாட்டார் என்ற கணக்கில் அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இன் 1008ஆம் ஒழுங்குவிதியின் 23ஆம் பிரிவால் இதை எதிர்கொண்டது: தவிர்க்கவியலாத அனைத்தும் அடங்கிய இறுதி விலையையே காட்டவேண்டும், விருப்பச் சேவையைப் பயணி தானே தேர்ந்தால்தான் சேர்க்கவேண்டும். முன்கூட்டியே குறியிடப்பட்ட காப்பீட்டுக் கட்டத்தோடு சீட்டு விற்ற ஈபுக்கர்ஸ் தளம், காப்பீட்டை வேறொரு நிறுவனமே தருகிறது என்று வாதிட்டது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2015இல் ஏர் பெர்லின் வழக்கில், பயணி தேர்ந்த விமானத்துக்கு மட்டுமன்றித் திரையில் தோன்றும் ஒவ்வொரு விமானத்துக்கும் இறுதி விலை காட்டப்படவேண்டும் என்றது. இடையில் 2014இல் வூலிங் விமான நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்புதான் மாணவர்களை நேரடியாகத் தொட்டது. சரக்கறையில் ஏற்றும் பெட்டிக்குத் தனிக்கட்டணம் கேட்கலாம் என்று அது நிறுவனங்களுக்கு வழிவிட்டது. நியாயமான எடையும் அளவும் கொண்ட கைப்பைக்குக் கேட்கக்கூடாது என்றும் சொன்னது. நியாயமான அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் இன்றுவரை வணிகம் நடக்கிறது.

அமெரிக்காவில் வரிகளையும் சேர்த்த முழு விலையையே விளம்பரப்படுத்தவேண்டும் என்ற விதி 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது தம் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஸ்பிரிட் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்காடித் தோற்றன. பெட்டி, தேதி மாற்றம் ஆகியவற்றின் கட்டணங்களையும் முதலிலேயே காட்டவேண்டும் என்று 2024இல் போக்குவரத்துத் துறை பிறப்பித்த விதி, அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியாவில் 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு, அவற்றில் சொட்டு விலையேற்றத்தையும், கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பதையும் சேர்த்தன. மேற்படிப்புக்குச் சீட்டு வாங்கும் தமிழக மாணவர் கேட்காமலே காப்பீடு சேர்ந்திருக்கக் கண்டால் புகார் சொல்ல இப்போது அதற்கொரு பெயர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சொட்டு விலையேற்றத்துக்காக 2017இல் ஜெட்ஸ்டாருக்கு 5,45,000 டாலரும் வர்ஜின் ஆஸ்திரேலியாவுக்கு 2,00,000 டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. இருக்கை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவை சில்லறைத் தொகைகளே.

மறைகட்டணத்தைக் காட்டிலும் நுட்பமானது விலை உறுதி. எங்கள் விலையைவிடக் குறைவாக எங்கேனும் கண்டால் அதையும் முறியடிப்போம் என்ற வாக்குறுதி, தேடும் உழைப்பிலிருந்து வாங்குபவரை விடுவிப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் தேடும் பொறுப்பை அது அவர் தலையிலேயே கட்டுகிறது: அதே நாள், அதே விமானம், அதே கட்டண வகுப்பு, அந்த நொடியில் கைவசம் உள்ள இருக்கை, எழுத்தில் ஆதாரம் என்று ஒவ்வொரு நிபந்தனையையும் நிறைவேற்றியவருக்கே அது பலிக்கும். பொருளியலாளர் ஸ்டீவன் சாலப் 1986இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய வாக்குறுதிகள் போட்டியாளர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையாகவும் செயல்படும் என்று காட்டினார். விலையைக் குறைத்தாலும் உடனே ஈடுகட்டப்படும் என்று தெரிந்தால் குறைக்கும் ஆசையே யாருக்கும் எழாது.

இந்தக் கருத்துக்கு நீதிமன்றத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. 1973இல் லண்டனில் பழைய இரட்டையடுக்குப் பேருந்தில் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய கிரஹாம் டர்னர், 1980களில் ஆஸ்திரேலியாவில் கட்டிய ஃப்ளைட் சென்டர் நிறுவனம், மாணவர்களுக்கென்று தனிக் கடைகளையும் நடத்தியது. அதன் விலை முறியடிப்பு உறுதி பெரும் விளம்பரத்தோடு வலம்வந்தது. இணையம் பரவியதும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் ஆகியவை தம் தளங்களில் முகவர்களுக்குத் தந்ததைவிடக் குறைந்த கட்டணத்தை நேரடியாக வழங்கின. அதைக் காட்டி வாக்குறுதியை நிறைவேற்றக் கேட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரும் முகவரின் கமிஷனைக் கரைத்தார். வாக்குறுதியை விலக்கிக்கொள்ளலாம், நட்டத்தை ஏற்கலாம். நிறுவனம் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. 2005க்கும் 2009க்கும் இடையில் அந்த விமான நிறுவனங்களுக்கு மின்னஞ்சல்கள் அனுப்பி, முகவர்களுக்குத் தராத குறைந்த கட்டணத்தை நேரடியாக விற்பதை நிறுத்தாவிட்டால் அவர்களின் சீட்டுகளை விற்கப்போவதில்லை என்று அழுத்தம் தந்தது.

ஆஸ்திரேலியப் போட்டி ஆணையம் இதை விலைநிர்ணய முயற்சியாகக் கண்டு வழக்குத் தொடர்ந்தது. முகவர் தன் முதலாளியோடு போட்டியிட முடியுமா என்ற கேள்வியில் கீழ் நீதிமன்றங்கள் முரண்பட்டன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், சீட்டு விற்பனையில் இருவரும் போட்டியாளர்களே என்று தீர்ப்பளித்தது. 2018இல் அபராதம் 12.5 மில்லியன் டாலராக நிலைத்தது. மிகக் குறைந்த விலை கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற, மிகக் குறைந்த விலையே சந்தையில் இல்லாமற் செய்யும் முயற்சி நடந்தது என்பதே அந்த மின்னஞ்சல்களின் சாரம். கடைக்குள் நுழைந்த மாணவர் எந்த அடிக்குறிப்பைப் படித்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒப்பீட்டுத் தளங்களின் கதையும் இதேதான். விடுதி விலைகளில் மலிவானதைக் காட்டுவதாக விளம்பரம் செய்த ட்ரிவாகோ, அதிகக் கமிஷன் தந்தவர்களை முன்னிறுத்தியதும், வசதியான அறையின் விலையை அடித்துக்காட்டிச் சாதாரண அறையை அருகில் வைத்ததும் அதே நாட்டில் நிறுவப்பட்டு, 2022இல் 44.7 மில்லியன் டாலர் அபராதத்தில் முடிந்தன.

இந்த வரலாற்றில் எல்லாக் கூடுதல் கட்டணங்களையும் ஒரே தராசில் வைப்பது பிழையாகும் என்பதற்கு 2020 சாட்சி. யூசிட் 2002இலேயே சரிந்து, அதன் அமெரிக்கக் கிளைகளை ஏற்றுக்கொண்ட எஸ்.டி.ஏ. டிராவல், பெருந்தொற்றில் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. பிரிட்டனில் ஏட்டால் எனும் விமானப் பயணக் காப்பின்கீழ் வாங்கியவர்களிடம் பயணி ஒருவருக்கு 2.50 பவுண்டு வீதம் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பணத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தந்தது. ஆஸ்திரேலியாவிலும் அப்படியொரு ஈட்டு நிதி இருந்ததுதான், ஆனால் முகவர்களுக்கான உரிம முறையோடு சேர்த்து 2014இல் அதைக் கலைக்கும் பணி தொடங்கிவிட்டது. ஆகவே அங்கே அதே நிறுவனத்தில் முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள், பிணையின்றிக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்கவோ, அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பணத்தை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கவோ வேண்டியதாயிற்று.